பேட்டரிக்கும் காற்று வேண்டும்



உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேட்டரி இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்பெல்லாம் டிராக்டர் வைத்திருந்தவர் வீட்டில் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு அமுதக்கரைசலும் பஞ்சகவ்யமும் தெளிக்கிற முதுகுத் தெளிப்பானில் ஒன்று, காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலியில் ஒன்று, பூச்சிகளைக் கவரும் விளக்குப் பொறியில் ஒன்று, வீட்டு இன்வெர்ட்டரில் ஒன்று, காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் குட்டியானையில் ஒன்று. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டிலேயே நாலைந்து தேறும். பேட்டரி வந்தால் சார்ஜரும் பின்னாலேயே வந்துவிடுகிறது. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருக்க முடியாமல், கடையில் ஒரு சார்ஜர் வாங்கி வந்து திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ செருகிவிடுகிறோம்.

நம்ம கருவியை நாமே பராமரிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு சாதாரண கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதோடு நீர் கலந்த கந்தக அமிலம். வயலில் ஒரு சொட்டு நஞ்சு விழக்கூடாது என்று இருக்கிற நாம், இந்த இரண்டையும் வீட்டுக்குள் எப்படி வைத்துப் புழங்குகிறோம் என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் உத்திரமேரூர் பக்கம் விவசாயம் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் காயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு சென்னை வடபழனிக்கு வருகிறேன். புது வண்டி வாங்கினால் முருகன் கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்புகிற ஊர் அது. அங்கே ஒரு சந்தில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். காய் இறக்கிவிட்டு மதியம் அவர் கடையில்தான் உட்காருவேன். அவர் வீட்டுக்குக் கீரையும் என் கைக்குத்தல் அரிசியும் போகும்; எனக்கு அவர் அனுபவம் கிடைக்கும்.

முதல் நாளே அவர் சொன்னது இது: “தம்பி, பன்னெண்டு வோல்ட்டு ஒண்ணும் பண்ணாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஷாக் அடிக்காது, வாஸ்தவம்தான். ஆனா கண்ணு போகும், கை வேகும். சார்ஜர்ல வர்ற கரண்டை மட்டும் பார்க்காத, பேட்டரியில இருந்து வர்ற காத்தைப் பாரு.”

உள்ளே என்ன நடக்கிறது

பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே என்பவர் 1859இல் இந்த ஈய அமில பேட்டரியை உருவாக்கினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். கார், டிராக்டர், குட்டியானை எல்லாவற்றிலும் இருக்கிற 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் சுமார் 2.1 வோல்ட். ஈயத் தகடுகள் அமிலத்தில் முழுகி நிற்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் போட்டால் அந்தப் படிவு திரும்பக் கரைகிறது.

சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டால் இந்தப் படிவு கெட்டியாகிப் பாறை மாதிரி ஆகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. 2020இல் ஊரடங்கு வந்தபோது மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. நம்ம ஊர் வெயிலில் பேட்டரி சும்மா இருந்தாலே சீக்கிரம் இறங்கும். அறுவடை முடிந்து நிறுத்திய டிராக்டருக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் காட்டுவது அதனால்தான் அவசியம்.

சார்ஜ் முழுக்க ஏறும் நிலைக்கு வந்ததும் இன்னொன்று தொடங்குகிறது. உள்ளே ஏற இடமில்லாத மின்சாரம், அமிலத்தில் இருக்கிற தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்குகிறது. காதை வைத்துக் கேட்டால் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும் என்பார்கள். ஆனால் காதை வைக்காதீர்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றைவிட ரொம்ப இலேசு என்பதால் மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 ஏஎச் பேட்டரி முழுக்க ஏறிய பிறகும் 3.5 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தால், மணிக்குச் சுமார் 9 லிட்டர் ஹைட்ரஜன் வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள மூடிய அலமாரியில் வைத்திருந்தால், காற்று மாறாவிட்டால் ஐந்து மணி நேரத்துக்குள் அந்த 4 சதவீதத்தைத் தொட்டுவிடும். பேட்டரி மூடிகளுக்குப் பக்கத்திலோ அதற்கு வெகுமுன்பே தொட்டிருக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் எட்டு மணி நேரம் ஆகிறது.

எந்த இடத்தில் வைப்பது

இடம்தான் முதல் பாதுகாப்பு. மழை நனைக்காத, நேர் வெயில் அடிக்காத, நாலு பக்கமும் காற்றோட்டம் உள்ள இடமாக இருக்க வேண்டும். கிராமத்தில் திறந்த தாழ்வாரம் அருமையான இடம். வடபழனி மாதிரி அடுக்குமாடி வீடுகளில் சுவரில்லாத தரைத்தள பார்க்கிங் பரவாயில்லை. நிலத்தடி பார்க்கிங் கூடாது.

கூடாத இடங்கள்: சமையலறை, படுக்கையறை, சாமி அறை, மாடிப்படிக்கு அடியில், வைக்கோல் போருக்குப் பக்கம், விதை நெல் வைத்திருக்கும் அறை, மாட்டுக்கொட்டகை. கொட்டகையில் பிளக் பாயிண்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் என்று அங்கேயே வைப்பவர்கள் அதிகம். மாடு ஒயரை இழுக்கும், நாக்கால் நக்கும். தரை எப்போதும் ஈரம். இந்த மூன்றுமே ஆபத்து.

மாடிப்படியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் வடபழனியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீ விபத்தில் குழந்தைகள் உட்பட 4 பேர் இறந்தார்கள். அது பேட்டரி சார்ஜ் போட்டதால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கீழே நிறுத்தியிருந்த வண்டிகள் எரிந்தால், மேலே இருப்பவர்களை முதலில் புகைதான் அடையும் என்பதை அது காட்டியது. வேலூர் சின்ன அல்லாபுரத்தில் 2022 மார்ச்சில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். ஸ்கூட்டரில் இருப்பது வேறு வகை பேட்டரி. ஆனாலும் பாடம் ஒன்றுதான். நாம் வெளியே ஓடுகிற வழியில் எந்த பேட்டரியையும் சார்ஜ் போடக்கூடாது. தூங்கப் போகும்போது சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது.

இன்னொன்று, பூசை. வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சூடம் காட்டுவதும், ஆயுத பூசைக்கு டிராக்டர் முன்னால் சாம்பிராணி போடுவதும் நம்ம வழக்கம். அன்றைக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே சார்ஜும் போட்டிருப்போம். சார்ஜை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டபிறகு சூடத்தை ஏற்றுங்கள். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர் முகத்தில் பேட்டரி வெடித்த கதை, பழைய பேட்டரிக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் ஒன்றாவது வைத்திருப்பார்.

என்ன சார்ஜர் வாங்குவது

பழைய மாடல் டிரான்ஸ்பார்மர் சார்ஜர் கனமாக இருக்கும், முள் காட்டும் மீட்டர் இருக்கும். அதில் பல தானாக நிற்காது. நாம்தான் பக்கத்தில் இருந்து நிறுத்த வேண்டும். இப்போது வருகிற தானியங்கி சார்ஜர்கள், பேட்டரி சுமார் 14.4 வோல்ட் தொட்டதும் படிப்படியாகக் குறைத்து, பிறகு 13.5 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தும். வீட்டில் வைத்துக்கொள்ள இதுதான் ஏற்றது. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஓடாமல் நிற்கிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அளவு முக்கியம். பேட்டரியின் ஏஎச் எண்ணைப் பத்தால் வகுத்தால் வருவதுதான் பொதுவான சார்ஜ் வேகம். 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். 80 ஏஎச் டிராக்டர் பேட்டரிக்கு 8 ஆம்பியர். “சீக்கிரம் ஏறணும்னு பெரிய சார்ஜரைப் போடுறது, சோறு வேகலைன்னு அடுப்புல டயரைப் போட்டு எரிக்கிற மாதிரி” என்பார் அண்ணன். மெதுவாக ஏறினால் சூடு குறைவு, கொதிப்பு குறைவு, தகடு நாள்பட உழைக்கும்.

சில சார்ஜரில் 6, 12, 24 வோல்ட் என்று மாற்றுகிற சுவிட்ச் இருக்கும். கார், குட்டியானை, நம்ம டிராக்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட். பெரிய லாரிதான் 24. பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு சுவிட்சை வையுங்கள். குழந்தைகள் திருகி வைத்திருக்கலாம், ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

வீட்டு மின்சாரப் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகக்கூடாது. தோட்டத்து வீடுகளில் எர்த் குழியே காய்ந்து கிடக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரியுங்கள். மீட்டர் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் போட்டுக்கொள்வது உயிருக்கு உத்தரவாதம். ஒட்டுப்போட்ட ஒயரும் பலகையில் தொங்குகிற எக்ஸ்டென்ஷனும் வேண்டாம்.

மாட்டும் வரிசை, கழற்றும் வரிசை

இதை ஒரு அட்டையில் எழுதி சார்ஜர் மேலேயே ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் எடுத்தாலும் கண்ணில் படட்டும்.

முதலில் நம்மைத் தயார் செய்ய வேண்டும். மோதிரம், கைச்சங்கிலி, வளையல், இரும்புக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுப் பித்தானைப் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு மோதிரமோ ஸ்பானரோ பாலமாக விழுந்தால், அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் பழுத்துச் சிவந்துவிடும், விரலோடு சேர்ந்து வேகும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, பழைய முழுக்கைப் பருத்திச் சட்டை. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். குழந்தைகள் தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள். உப்பியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா, கசிகிறதா? ஒன்று இருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். அது கடைக்குப் போக வேண்டியது.

வண்டியிலேயே வைத்துச் சார்ஜ் போடலாமா, கழற்ற வேண்டுமா என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். புது வண்டிகளில் நுணுக்கமான மின்னணுப் பாகங்கள் நிறைய. கழற்றுவதென்றால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். திரும்ப மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியாக மைனஸ். மைனஸ் முனை வண்டி இரும்போடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால் ஸ்பானர் எங்காவது இரும்பில் பட்டு நெருப்பு பறக்கும், அதனால்தான் இந்த வரிசை.

சார்ஜர் மாட்டுவது இப்படி. சுவர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கிளிப்பை முதலில் பிளஸ்ஸில் மாட்டுங்கள். பேட்டரி வண்டியிலேயே இருந்தால், கறுப்பு கிளிப்பை பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், அதற்குத் தள்ளி, பெட்ரோல் அல்லது டீசல் குழாயும் சுற்றுகிற பாகமும் இல்லாத இடத்தில், பெயிண்ட் இல்லாத கெட்டியான இஞ்சின் இரும்பிலோ சட்டத்திலோ மாட்டுங்கள். பேட்டரி தனியாக வெளியே இருந்தால் கறுப்பு கிளிப் மைனஸுக்குப் போகும். இரண்டும் அசையாமல் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக சுவர் சுவிட்சைப் போடுங்கள்.

கழற்றும்போது அப்படியே தலைகீழ். முதலில் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினால் அங்கே ஒரு பொறி வரும். அதே இடத்தில்தான் இவ்வளவு நேரம் ஹைட்ரஜன் வந்துகொண்டிருந்தது. பேட்டரி வெடிப்பது பெரும்பாலும் மாட்டும்போதோ கழற்றும்போதோதான் என்று அண்ணன் சொல்வது இதை வைத்துத்தான்.

மேலே இருக்கிற மூடிகளைத் திறக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சில பேட்டரிக்குத் திறக்கச் சொல்வார்கள், சிலவற்றில் மூடியிலேயே நெருப்பைத் தடுக்கிற சல்லடை இருப்பதால் திறக்கவே கூடாது என்பார்கள். உங்கள் பேட்டரிக் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் மூடியில் உள்ள சின்ன ஓட்டைகள் சேறும் தூசியும் அடைக்காமல் சுத்தமாக இருக்க வேண்டும். வயலுக்குப் போகும் வண்டியில் இது அடைத்துத்தான் இருக்கும். சீல் செய்த பேட்டரியை நெம்பித் திறக்கவே கூடாது.

எவ்வளவு நேரம்

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை. வண்டி ஓடி நின்று சில மணி நேரம் ஆன பிறகு அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். 12.6 அல்லது 12.7 இருந்தால் முழு பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்கு வந்தால் கால்தான் மிச்சம், உடனே சார்ஜ் போட வேண்டும்.

35 ஏஎச் பேட்டரி பாதி இறங்கியிருந்தால், 3.5 ஆம்பியரில் கணக்குப்படி ஐந்து மணி நேரம். கொஞ்சம் சேதாரமும் சேர்த்தால் ஆறு. காலை பத்து மணிக்குப் போட்டால் மாலை நான்குக்கு எடுத்துவிடலாம். பகலில் போடுங்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது போடுங்கள். மணிக்கொருமுறை பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள். அந்த வாடை, பேட்டரி அளவுக்கு மீறிக் கொதிக்கிறது அல்லது ஓர் அறை செத்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆறவிட்டுக் கடைக்குக் காட்டுங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால், சார்ஜுக்கு முன்னால் தகடு மூழ்கும் அளவு மட்டும் இருக்கட்டும். முழு அளவுக்கு ஊற்றுவது சார்ஜ் ஏறி ஆறிய பிறகுதான். முன்பே நிரப்பினால் கொதிக்கும்போது பொங்கி வெளியே வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரிலும் சென்னை லாரித் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, அது தகட்டைத் தின்றுவிடும். வீட்டில் ஆசிட் வாங்கி ஊற்றுகிற வேலை கூடவே கூடாது. குறைவது தண்ணீர்தான், அமிலம் குறைவதில்லை.

அமிலம் பட்டால்

கண்ணில் தெறித்தால் ஒரு நொடி கூடத் தாமதிக்காமல், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டே ஆட்டோவுக்கோ 108க்கோ ஏற்பாடு செய்யலாம். கண்ணில் சோடாவோ தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ எதுவும் விடக்கூடாது, தண்ணீர் மட்டும்தான். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள்.

தரையில் சிந்தினால் ஆப்பச் சோடாவையோ நீர்த்த சுண்ணாம்புத் தூளையோ மேலே தூவுங்கள். நுரைத்து அடங்கும். அடங்கிய பிறகு கையுறையோடு வழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அமிலம் அடங்கினாலும் அதில் ஈயம் இருக்கும். வாய்க்காலில் கழுவிவிடாதீர்கள்.

தெளிப்பானும் வேலியும்

நம்ம ஆட்களுக்கென்று இரண்டு எச்சரிக்கை.

முதலாவது, தெளிப்பான். அதில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 8 ஏஎச் அல்லது 12 ஏஎச் சீல் பேட்டரி. “அதுவும் பன்னெண்டு, இதுவும் பன்னெண்டுதானே” என்று டிராக்டர் சார்ஜரை மாட்டினால் அந்தச் சின்ன பேட்டரி சூடாகி உப்பிவிடும். கூட வந்த சார்ஜரையே போடுங்கள். இப்போது லித்தியம் பேட்டரி வைத்த தெளிப்பான்களும் சோலார் விளக்குகளும் வந்துவிட்டன. பெட்டி மேல் லித்தியம் என்று எழுதியிருந்தால் ஈய பேட்டரி சார்ஜரைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம்.

இரண்டாவது, சோலார் வேலி. மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் வேலி பேட்டரி இறங்கும்போது, வேலியோடு இணைத்தபடியே வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடுகிறார்கள். வேண்டாம். சார்ஜருக்குள் ஒரு கோளாறு வந்தால் வீட்டு மின்சாரம் வேலிக் கம்பிக்கே போய்ச்சேர வாய்ப்பிருக்கிறது. சோலார் வேலி தருவது நொடிக்கொருமுறை வருகிற சின்ன அதிர்ச்சி. வீட்டு மின்சாரம் உயிரை எடுத்துவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள். பேட்டரியை வேலியிலிருந்து முழுக்கக் கழற்றி எடுத்து வந்து, தனியாக வைத்துச் சார்ஜ் போட்டு, பிறகு மாட்டுங்கள்.

செத்த பேட்டரி எங்கே போகிறது

சார்ஜ் ஏறாத பேட்டரியை என்ன செய்கிறோம் என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி.

கொட்டகை மூலையில் கிடக்கும். பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடும். சிலர் அமிலத்தைத் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, பெட்டியை வெட்டி மாட்டுத் தண்ணீர்த் தொட்டியாகவோ கோழித் தீவனத் தொட்டியாகவோ வைக்கிறார்கள். இன்னும் சிலர் தகட்டை உருக்கி மீன் வலைக்குக் குண்டு செய்கிறார்கள். இதில் எதையும் செய்யக்கூடாது.

ஈயம் மட்குவதில்லை. எந்த நுண்ணுயிரும் அதை உடைக்காது. எத்தனை வண்டி தொழுவுரம் போட்டாலும் அது மண்ணிலேயே கிடக்கும். பேட்டரித் தகட்டை நக்கிச் சாகும் மாடுகள் பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம். மாடு பார்வை இழக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வலிப்பு வரும். பிழைத்த மாட்டின் பாலிலும் ஈயம் வரும்.

குழந்தைகளுக்கு இன்னும் மோசம். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், திரும்பச் சரி செய்ய முடியாது. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவுக்கு இருப்பதாகச் சொன்னது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக, கண்ட இடத்தில் பேட்டரி உடைத்து உருக்குவதைக் குறிப்பிட்டது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகர்ப் பகுதியில் 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரித்த மண்தான் காரணம்.

பேட்டரி முனையில் படிகிற வெள்ளை, பச்சைப் பொடியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வாயால் ஊதாதீர்கள். கையுறை போட்டு, சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தனியாக மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான்.

பழைய பேட்டரிக்கு சட்டம் இருக்கிறது. 2001 விதிகளுக்குப் பதிலாக 2022இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பேட்டரி தயாரித்து விற்பவர்களே பழையதைத் திரும்பச் சேகரிக்கவும் மறுசுழற்சி செய்யவும் பொறுப்பு. நாம் அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். புதுசு வாங்கும்போது பழசுக்கு எடை பார்த்து விலை கழிப்பார்கள். பழைய இரும்புக்காரர் ஐம்பது, நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறேன் என்பார். அவர் அதை எங்கே கொண்டு போய் உடைக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ, யாரோ ஒருவருடைய வயல் ஓரத்திலோ உடைப்பார்கள்.

“கடையிலயே குடு தம்பி, அமிலத்தைக் கொட்டாம முழுசா குடு, பில்லு வாங்கிக்க” என்பார் அண்ணன். அவர் கடையில் பழைய பேட்டரிகளை நிமிர்த்தி வரிசையாக, பிளாஸ்டிக் தட்டுகளின் மேல் வைத்திருப்பார். வாரம் ஒருமுறை கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும்.

எங்கள் ஊர்க் குழுவில் இப்போது ஓர் ஏற்பாடு. பழைய பேட்டரி இருப்பவர்கள் சொன்னால், நான் வடபழனிக்குக் காய் கொண்டுபோகும் நாளில், மரப்பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, காய்க் கூடைகளிலிருந்து தனியாகக் கட்டி எடுத்துப்போய்க் கடையில் கொடுத்துவிட்டு, பில்லையும் பணத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறேன். குழுவுக்குப் பொதுவாக ஒரு நல்ல தானியங்கி சார்ஜர், ஒரு மல்டிமீட்டர், இரண்டு கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு வீடு சார்ஜர் வாங்குகிற செலவும் மிச்சம். உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். முதல் வேலையாக, அவரவர் வீட்டில் எத்தனை செத்த பேட்டரி எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவை ஊரை விட்டுப் போய்விட வேண்டும்.